வெள்ளி ராவில் ஏறும் கோடு

1.

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. ஒரு கலியாண வீட்டுச் சஹனில் கிடைத்தது.

சாய்ந்தமருதில் கலியாணம், மத்தியானச் சாப்பாடு, பந்தலுக்குள் காற்று என்பதே இல்லை. எங்கள் சஹனை, அந்தப் பெரிய சோற்றுத் தட்டை, சுற்றி உட்கார்ந்தவர்களில் எனக்கு நேர் எதிரே இருந்த மனிதரை முன்பின் தெரியாது. ஆனால் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுகிறவர்கள் எவ்வளவு நேரம்தான் தெரியாதவர்களாக இருக்க முடியும்? என்ன தொழில் என்று கேட்டேன். லேசர் செய்கிறேன் என்றார். கண் ஒப்பரேசனுக்கா என்றேன். இல்லை, கதைக்கிறதுக்கு என்றார்.

அதோடு எனக்குச் சோறு இறங்கவில்லை. [பொய். இறைச்சி நன்றாக இருந்தது, இரண்டு தரம் கேட்டு வாங்கினேன். கதாசிரியர்களுக்குச் சோறு இறங்காமல் போவதெல்லாம் எழுத்தில்தான்.]

தன் பெயரைப் போட வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஜெமீல் என்று வைத்துக்கொள்வோம். கதைக்குள் வந்தபின் 'அவர்' கிடையாது, 'அவன்'தான். எழுதுகிறவனுக்கு இந்த ஓர் உரிமையாவது இருக்கட்டும்.

2.

மூன்று தரம் தொடங்கினேன். முதலாவது இது:

"இருண்ட சமுத்திரத்தின் அடியில், மனிதக் குரல்களைச் சுமந்தபடி, ஒரு மெல்லிய ஒளிக்கீற்று—"

என் மனைவி நுஸ்ஹா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, இது கதையா டெலிபோன் கம்பனி விளம்பரமா என்று கேட்டாள். கிழித்தேன்.

இரண்டாவது:

"மருதமுனையில் கைத்தறிக் குடும்பத்தில் பிறந்த கமீலா, நூலின் இழுவையை விரல் நுனியாலேயே அளந்துவிடுவாள். ஒருநாள் மருமகனின் கண்ணாடி இழையை—"

இது எங்கே போகுமென்று உங்களுக்குத் தெரியும். அவள் இழையை ஒரு விரலால் தொட்டு, இழுவை கூடிப்போச்சு என்பாள். பட்டம் பெற்ற மருமகன் வாயைப் பிளப்பான். வாசகர் கண் கலங்குவார். அதையும் கிழித்தேன். உண்மையான கமீலா, ஜெமீலின் மனைவியின் உம்மா, தறியைத் தொட்டதே இல்லை. நன்றாகச் சமைப்பாள், திரைச்சீலை தைப்பாள், மீன்காரரோடு சண்டை பிடிப்பாள். லேசரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது பூச்சியம்.

மூன்றாவது தொடக்கத்தைத்தான் இனி வாசிக்கப் போகிறீர்கள்.

3.

கல்முனைக்குடியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஜெமீல் மேசையொன்றைப் போட்டு அதன்மேல் தன் லேசரைப் பரப்பி வைத்திருந்தான். அவன் படிப்பிக்கிற இடத்தில் ஆய்வுகூடத்துக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். தூசு கண்ணாடி இழைக்கு எமன். அதனால் சாமான்களைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

வீடு என்றால் அவனுடைய வீடு அல்ல. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். இது அவன் மனைவி ஆகிலாவின் வீடு. கட்டியவர் அவளுடைய வாப்பா காலிதீன், கத்தாரில் உழைத்த காசில். இன்னும் அங்கேதான் இருக்கிறார். வருசா வருசம், "இன்னும் ஒரு வருசம்" என்பார். மகளின் கலியாணத்தைக்கூடப் போனில்தான் பார்த்தார். கீழ்மாடியில் மாமி கமீலாவின் ஆட்சி. ஆகிலா பள்ளிக்கூட ஆசிரியை, பின்னேரம் முன்வீட்டில் டியூசன்.

லேசரைப் பற்றி ஜெமீல் சஹனில் சொன்னதை அப்படியே தருகிறேன். தலைமயிரளவு கண்ணாடி இழை. அதற்குள் எர்பியம் என்றொரு உலோகம் துளி கலந்திருக்கும். சின்ன விளக்கொன்றால் உசுப்பிவிட்டால் இழையே ஒளிவிடத் தொடங்கும். அந்த ஒளி வளையத்துக்குள் சுற்றிச் சுற்றி ஓடும். வழியில் ஓரிடத்தில் நெருக்கமாகக் கோடு பதித்த இழைத்துண்டு ஒன்று காவல் இருக்கிறது. வருகிற நிறங்களில் ஒன்றை மட்டுமே அது தெரிந்தெடுக்கும். அந்தத் துண்டை மெல்ல இழுத்தால் வேறு நிறம், தளர்த்தினால் பழைய நிறம். நிறம் என்கிறேனே தவிர, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கணினித் திரையில் ஒரு கோடாகத்தான் தெரியும். இழுத்தால் கோடு ஏறும், தளர்த்தினால் இறங்கும். (சூடு பட்டாலும் இழுத்தது போலத்தான், கோடு ஏறும். இதை ஞாபகத்தில் வையுங்கள். ஒளித்துவைத்தேன் என்று பிறகு என்னோடு சண்டைக்கு வரக்கூடாது.)

இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்டேன். போன் பேச்சைச் சுமக்கிற கடலடி இழையொன்றுக்குள் பல நிறங்கள் ஓடுகின்றன, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு லேசர். ஒன்று பழுதானால் அதே நிறத்தில் இன்னொன்று கையில் இருக்க வேண்டும். நிறம் மாற்றத் தெரிந்த லேசர் ஒன்றிருந்தால் எதற்கும் பதிலாக நிற்கும். ஆகிலா இதைத் தன் பாணியில் விளங்கிக்கொண்டாளாம்: வராத வாத்தியாருக்குப் பதிலாக எந்த வகுப்புக்கும் அனுப்பலாம், கணக்கும் படிப்பிப்பார், சமயமும் படிப்பிப்பார். ஆனால் அனுப்பிய வகுப்பிலேயே நிற்க வேண்டும். பாதியில் அடுத்த வகுப்புக்கு நகர்ந்துவிட்டால் இரண்டு வகுப்பும் நாசம்.

ஜெமீலின் லேசருக்கு அந்தக் குணம்தான் இருந்தது. நகர்ந்தது.

4.

[இந்த இடத்தில் எனக்குக் கமீலாவில் ஒரு சந்தேகம். இந்தக் காலத்திலும் மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்காத மாமி உண்டா? நுஸ்ஹாவிடம் கேட்டேன். என் உம்மா உங்களோடு எத்தனை தரம் கதைத்திருக்கிறா என்று திருப்பிக் கேட்டாள். திரும்பி வந்து எழுதத் தொடங்கினேன்.]

கமீலா ஜெமீலோடு கதைத்ததில்லை. கோபமில்லை, மரியாதை. அவன் முன்னறைக்கு வந்தால் அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். நல்ல மீனின் நடுத்துண்டு அவனுடைய சோற்றுக் கோப்பைக்குத்தான் போகும். ஆனால் சொல் ஒன்றும் நேராகப் போகாது. எல்லாம் ஆகிலா வழியாக.

"புள்ள, அவருக்கிட்டச் செல்லு, தேத்தண்ணி ஆறுது எண்டு."

கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிற ஜெமீலும் அதே மரியாதையோடு, குடிக்கிறேன் என்று உம்மாவிடம் சொல்லச் சொல்லுவான். நடுவில் நிற்கிற ஆகிலா இரண்டையும் சொல்லுவாள். சில நாள் குறும்புக்கு மாற்றியும் சொல்லுவாள். அவள் இல்லாத நேரத்தில் கமீலா பூனையிடம் சொல்லுவாள், ஆருக்காவது தேத்தண்ணி வேணுமெண்டால் மேசையில் இரிக்கி என்று. பூனை பால் மட்டுமே குடிக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

5.

ஜெமீல் பின்லாந்தில் ஒரு பேராசிரியரின் கீழ் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான். கடைசி வேலையை ஊரிலிருந்து முடிக்க அனுமதி வாங்கி வந்திருந்தான். மிச்சமிருந்தது ஒரு பரீட்சை. கணினியில் மூன்று பரீட்சகர்கள் பார்த்துக்கொண்டிருக்க, லேசர் கேட்ட நிறத்துக்குப் போய் அங்கேயே அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் பட்டம், ஊரில் நிரந்தர வேலை, வீடு. நிற்காவிட்டால் அங்கே போய், அந்தப் பனிக்குள், இன்னும் இரண்டு வருசம்.

ஆகிலாவுக்கு அப்போது நான்காம் மாதம்.

மற்ற நாட்களில் லேசர் கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்றது. வாரத்தில் ஒரே ஒரு பின்னேரம், மஃரிப் தொழுகைக்குப் பிறகு, கோடு மெல்ல ஏறும். கொஞ்ச நேரம் மேலே நின்று பிறகு இறங்கும். வியாழக்கிழமை. (உங்கள் நாட்காட்டிக்கு வியாழன் பின்னேரம். எங்கள் கணக்கில் மஃரிபோடு அடுத்த நாள் பிறந்துவிடும், அதனால் வெள்ளி ராவு.) பரீட்சை வைத்திருந்ததும் ஒரு வியாழக்கிழமை, அதே நேரம்.

ஊரெல்லாம் லைட் போடுவதால் மின்சாரம் குறைகிறதோ என்று நினைத்தான். ஊர் எல்லா நாளும்தானே லைட் போடுகிறது? உசுப்பும் விளக்கைச் சந்தேகப்பட்டுக் கழற்றிப் பூட்டினான். சூடாக இருக்குமோ என்று சுவரில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்தான். அது யன்னல் பக்கத்தில் தொங்கிக்கொண்டு, கடற்காற்றுக்கு எல்லாம் சுகமே என்றது. அவனும் அந்த நேரத்தில் மேல்மாடியில் இருப்பதில்லை. மஃரிபுக்குப் பள்ளிவாசலுக்குப் போனால் இரவுத் தொழுகை இஷாவையும் முடித்துக்கொண்டுதான் வருவான். பேராசிரியர் மின்னஞ்சலில், இங்கே வந்து தங்க அறை எடுத்துவைக்கட்டுமா என்று கேட்டுவிட்டார்.

6.

ஒரு வியாழக்கிழமை போனை மேசையில் விட்டுவிட்டுப் போனான். மஃரிப் முடிந்ததும் அதை எடுக்கத் திரும்பி வந்தவன், மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றுவிட்டான்.

மேசைக்கு முன்னால் மாமி. கையில் இருந்த சாம்பிராணிச் சட்டியை, தணல் கணகணவென்று இருக்க, குனிந்து மேசைக்கு அடியில் வைத்தாள். சரியாகக் காவல் இழைக்கு நேர் கீழே. மெசினில் கை பட்டுவிடுமோ என்ற பயத்தில் முந்தானையை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். புகை எழும்பி இழையெல்லாம் படர, யாஸீன் ஓதினாள். ஓதி முடித்துக் கையேந்தினாள்.

"யா றப்பே, இந்த மெசினுக்கு ஒரு கொறையும் வரப்படா. இவர் இஞ்சயே இரிக்கணும். ஆகிலாட வாப்பாவப் போல, போனுக்குள்ள தெரியிற மனுசனா இவரும் போயிரப்படா."

ஜெமீல் சத்தமில்லாமல் இறங்கிப் போய், பள்ளிக்குத் திரும்பிப் போகாமல் வெளிப்படலைக் கதவடியில் நின்றான்.

[நான் சஹனில் இதைக் கேட்டபோது சிரித்துவிட்டேன். அதே நேரம் இறைச்சியும் விழுங்கினேன். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது, புரையேறும், ஏறியது. பக்கத்தில் இருந்தவர் தலையில் தட்டினார்.]

யோசித்துப் பாருங்கள். அவனுக்கு ஒரு வார்த்தை நேராகச் சொல்ல மரியாதை விடவில்லை, அதனால் அல்லாஹ்விடம் சொன்னாள். அவனைப் போகவிடாமல் செய்யவென்று அவள் வைத்த தணல்தான் அவனைப் பின்லாந்துக்கு அனுப்பப் பார்த்தது. வாரம் தவறாமல்.

7.

இனி என்ன செய்வது? நீங்களென்றால் என்ன செய்வீர்கள்?

ஆகிலாவிடம் சொல்லலாம். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு நேரே குசினிக்குப் போவாள். அதன்பின் கமீலா மேல்மாடிக்கு ஏறவே மாட்டாள். தன்னுடைய துஆதான் பழுதாக்கியது என்ற எண்ணத்தைச் சாகும்வரை சுமப்பாள். கதவைப் பூட்டலாம். பெண் வீட்டில் மருமகன் மாமிக்குக் கதவைப் பூட்டினான் என்ற செய்தி, இஷாவுக்கு முன்னம் அக்கரைப்பற்று தாண்டிவிடும்.

மேசையை மற்ற மூலைக்கு மாற்றினான். அடுத்த வியாழன் கோடு வழக்கம்போல ஏறியது. மாமிக்குத் தேடத் தெரியாதா என்ன?

கடைசியில் அவன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மாமியை மாற்றாமல் லேசரை மாற்றினான். இழையைக் கொஞ்சம் இழுத்தபடியே வைத்து, அதன் நுனியில் சின்ன மோட்டர் ஒன்றைப் பூட்டினான். கணினி கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சூட்டில் கோடு ஏறப் பார்த்தால், ஏறுகிற அளவுக்கு மோட்டர் இழையைத் தளர்த்தும். சூடு இழுக்க, மோட்டர் விட, கோடு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். வேண்டும் என்றுதான் சொல்கிறேன். முதல் வியாழன் மோட்டர் அவசரப்பட்டுக் கோட்டைக் கீழே தள்ளிவிட்டது. அடுத்த வியாழன் தூங்கி வழிந்தது. ஒவ்வொரு வாரமும் ஜெமீல் பள்ளியில் இருந்துகொண்டே, மாமி இப்போது ஏறியிருப்பா, இப்போது வைத்திருப்பா என்று கணக்குப் பார்த்தான்.

ஒரு வியாழன் கோடு அசையவே இல்லை. சந்தோசத்தில் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தால், கமீலாவுக்குக் காய்ச்சல். அவள் மாடிக்கு ஏறவே இல்லை.

"உம்மா இண்டைக்குச் சாம்பிராணி போடல்லையா?" என்று கேட்டான், முகம் தொங்கிப்போய்.

ஆகிலா அவனைப் பார்த்தாள். சாம்பிராணி கூடுமா கூடாதா என்கிற தவ்ஹீது, தரீக்காப் பேச்சு எதற்கும் போகாத மனிதர், திடீரென்று ஏன் இவ்வளவு பக்தியாகிவிட்டார் என்று யோசித்தாளாம்.

8.

பரீட்சை நாள் வந்தது. மோட்டர் ஒருநாள் சரியாகச் செய்தது, ஒருநாள் பிசகியது. அன்றைக்கு என்ன செய்யும் என்று ஜெமீலுக்குத் தெரியாது. அதனால் ஒரு முன்னேற்பாடு செய்தான். இந்த ஒருநாள் மட்டும் மேலே வரவேண்டாம், கணினியில் வெள்ளைக்காரர்கள் இருப்பார்கள் என்று ஆகிலா மூலம் மாமிக்குச் சொல்லி அனுப்பினான். கமீலா சரியென்றாள்.

மஃரிபை வீட்டிலேயே தொழுதுவிட்டு மேசைக்கு முன்னால் கதிரையில் அமர்ந்தான். ஆகிலா அவனுக்குப் பக்கத்தில், வயிற்றில் கைவைத்தபடி. திரையில் மூன்று முகங்கள். அவர்கள் ஒரு நிறம் கேட்டார்கள், லேசர் போய் நின்றது. இன்னொன்று கேட்டார்கள், நின்றது. ஜெமீலுக்கு மூச்சு வந்தது.

அப்போது அந்த மூவரில் மூத்த பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் அறை அமைதியாக இருக்கிறது, சந்தோசம், ஆனால் இது வேலை செய்யப்போகிற இடமெல்லாம் அப்படி இருக்காது என்றார். சூடு மாறினால் என்ன ஆகும்? இப்போதே காட்ட முடியுமா? கட்டாயமில்லை என்றும் சொன்னார். கட்டாயமில்லை என்று பரீட்சகர்கள் சொல்வதற்கு என்ன அர்த்தமென்று படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

மூலையில் ஆகிலா உடுப்புத் தேய்க்கிற அயன் இருந்தது. செருகிச் சூடாக்கிக் கிட்டப் பிடித்தால் போதும். ஜெமீல் எழும்பினான்.

மாடிப்படிப் பக்கமிருந்து வாசம் வந்தது.

கமீலா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். மேலே வரவில்லை. ஆனால் வெள்ளி ராவில் சும்மா இருக்கவும் அவளால் முடியவில்லை. பாதிப் படியில், சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். புகை மட்டும் அவளுக்கு முன்னால் ஏறி வந்தது.

ஜெமீல் அயனைப் பார்த்தான். புகையைப் பார்த்தான். வழக்கம்போல மனைவியின் பக்கம் திரும்பினான்.

"ஆகிலா, உம்மாட்டச் செல்லு—"

[இந்தக் கதையில் பாதியில் விடப்பட்ட வசனங்கள் பல உண்டு. எல்லாம் நான் விட்டவை. இது ஒன்றுதான் அவன் விட்டது.]

கதவுப் பக்கம் நேராகத் திரும்பினான்.

"மாமி. வாங்க."

ஆகிலா வாயைத் திறந்தாள், சொல்ல வேண்டியது எதுவும் இல்லையென்று தெரிந்து மூடினாள். படியில் காலடி கேட்டது. கமீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணைத் தரையில் வைத்தபடி, இரண்டு கையிலும் சட்டியோடு கதவடியில் வந்து நின்றாள். பின்லாந்தில் மூன்று பேர் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார்கள். கமீலா பூனையைத் தேடவில்லை. மகளையும் பார்க்கவில்லை.

"மகன்," என்றாள். "இத எந்தப் பக்கத்துல வெக்கிற?"

"எப்பவும் வெக்கிற இடத்துலயே வைங்க, மாமி."

அப்போதுதான் கமீலா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து முதல் தரம்.

9.

பிறகு?

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: சட்டி மேசைக்கு அடியில் போகிறது, தணல் கனல்கிறது, மோட்டர் முனகுகிறது, கோடு ஆணியடித்தது போல நிற்கிறது, மூத்த பெண்மணி எழும்பிக் கைதட்டுகிறார். நுஸ்ஹா வாசித்துவிட்டு, வெள்ளைக்காரர் கைதட்டினால்தான் எங்கட மாமிமாருக்கு மரியாதையா என்று கேட்டாள். வெட்டினேன்.

இன்னொன்று: கோடு ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது, ஜெமீல் பின்லாந்துக்குப் போகிறான், பெட்டிக்குள் கமீலா போட்ட அச்சாறு, வெள்ளி ராவில் அவள் போனில் அவனோடு நேராகக் கதைக்கிறாள், அந்தக் கதை ஏதோ ஒரு லேசரின் ஒளியாகக் கடலுக்கு அடியால் போகிறது. இது அழகாகத்தான் இருந்தது. ஆனால் வயிற்றில் கைவைத்து நின்ற ஆகிலாவை நினைத்தேன், மனம் வரவில்லை.

மூன்றாவதாக, சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போகிற முடிவு. இது எங்கள் ஊரில் நடக்கக்கூடியதுதான். என்றாலும் கதாசிரியன் களைத்துப்போனால்தான் கரண்ட் போகும். விட்டுவிட்டேன்.

10.

உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லாமல் ஏன் இழுக்கிறாய் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது, அதுதான்.

மாமி நிமிர்ந்து பார்த்தா என்று அவர் சொன்ன இடத்தில் எங்கள் சஹனுக்கு இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. நான் விடவில்லை. மறுகா என்ன, கோடு ஏறினதா, நிண்டதா என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்கையில் போன் அடித்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார்.

"ஓம் மாமி. கேட்குது, செல்லுங்க."

நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே சிரித்தார். தயிர், பிள்ளைக்கு மருந்து, ஏதோ திரைச்சீலைத் துணி, எல்லாம் என் காதிலும் விழுந்தது. எழும்பிக் கை கழுவிக்கொண்டே கதைத்தார், கதைத்துக்கொண்டே செருப்பைத் தேடினார், எனக்குத் தலையால் ஸலாம் காட்டிவிட்டு வெளியே போய்விட்டார். ஊரோடு வந்துவிட்டவரா, பின்லாந்திலிருந்து லீவில் வந்தவரா என்பதைக்கூட நான் கேட்கவில்லை.

ஆகவே கமீலா இன்னும் கதவடியில்தான் நிற்கிறாள், சட்டி அவள் கையைச் சுடுகிறது. நான் கையை எடுத்துவிட்டேன். சட்டியை வாங்கி, எப்பவும் வைக்கிற இடத்திலேயே வைத்துவிட்டு, திரையை நீங்களே பாருங்கள்.